முதல் அத்தியாயத்திலேயே செத்தவன்

...ஒருத்தர், ஒரே ஒருத்தராவது 'ஐயோ பாவம்'னு சொல்லணுமா இல்லையாம்மா? ஒரு மனுஷன் மூணாவது மாடிலேருந்து விழுந்து செத்துக் கிடக்கான். காக்கா செத்தாக்கூட இன்னும் நாலு காக்கா வந்து கத்திட்டுப் போகுது. இவனுக்கு அதுகூட இல்ல. டார்ச்சைக் கொஞ்சம் கீழ இறக்குங்க... ம், அப்படித்தான். அந்த நட்டு மேல. உங்க சிங்க்குக்கு அடியில யாரும் கை வெச்சதே இல்ல போலருக்கு, துரு கட்டியாப் பிடிச்சிருக்கு.

செத்தது யாரா? நான்தாம்மா.

பயப்படாதீங்க. உங்க ஃப்ரிட்ஜ் மேல கவுத்து வெச்சிருக்கீங்களே, அந்தப் புஸ்தகத்துல. 'மூணாவது மாடியில் ஒரு மூச்சு.' உள்ள வரும்போதே பாத்துட்டேன். அதை எழுதினது என் சம்சாரம். ஆமா, அவதான். பின்னட்டைல கன்னத்துல கை வெச்சுக்கிட்டு எங்கயோ பாக்கற மாதிரி ஒரு போட்டோ இருக்கே, அது எங்க வீட்டுச் சமையக்கட்டுல எடுத்தது. எடுத்தது நான். பின்னாடி தெரியற குழாய் நான் மாட்டினது. ரெண்டையும் யாரும் கேக்கறதில்ல.

எனக்குப் படிப்பு கம்மி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முதல் அத்தியாயம் படிக்க ஒரு வாரம் ஆச்சு. அதாவது, நான் சாகறதுக்கே ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் எனக்கு ஒண்ணும் புரியல பாருங்க. 'அட, கதைல வர்ற இந்தக் கடிகார ரிப்பேர்க்காரன் நல்ல ஆளா இருக்கானே'ன்னுதான் நெனச்சேன். வாசக்கதவைப் பூட்டிட்டு மூணு தரம் இழுத்துப் பாக்கறான், சரிதானே. கரண்டு வீணாகுதுன்னு சுத்தற ஃபேனை அமத்தறான், நியாயம்தானே. சகலை ஏணியை வாங்கிட்டுப் போயி ஒரு படியை ஒடச்சுக் கொண்டாந்தான்னு அவனோட வருஷக்கணக்காப் பேசாம இருக்கான். பேசுவானா? நீங்களே சொல்லுங்க. அது தேக்கு ஏணிம்மா.

அந்த ஏணி வந்தப்பதான் எனக்குச் சுருக்குன்னுது. என் சகலைதான் என் ஏணியை ஒடச்சவன். அப்ப இந்தக் கடிகாரக்காரன்... சரி, நம்மளைத்தான் எழுதியிருக்கா, பரவால்லையேன்னு நெஞ்சு கொஞ்சம் விரிஞ்சுது. பக்கத்தைத் திருப்பினா பால்கனிலேருந்து தள்ளி விட்டுட்டா.

அந்த வாளியைக் கொஞ்சம் இங்க தள்ளுங்க. பைப்புல நின்ன தண்ணி கொட்டும்.

அதுக்கப்புறம் துப்பறியறதுக்குன்னு ஒருத்தன் வர்றான். ஆறடி உசரம். கன்னத்துல குழி. பக்கத்துக்கு ஒரு வார்த்தைதான் பேசறானாம். என் பொண்டாட்டி, அதாவது கதைல வர்ற அந்த விதவை, அவனைப் பாக்கறா. மழை பெய்யுது. ரெண்டு பேருக்கும் ஒரே குடை. ஏம்மா, கொலை கேஸ் விசாரிக்க வந்தவன் ஜீப்புலதானே வந்திருப்பான்? அந்த ஜீப்புக்குக் கூரை இல்லையா? இதை நான் வீட்ல கேட்டா, 'உங்களுக்கு ரசனை கிடையாது'ங்கறா. செத்தவனுக்கு ரசனை எங்கேருந்து வரும்?

மீதியை நான் படிக்கல. படிக்கவும் வேண்டியதில்ல. ஊரே எனக்குச் சொல்லிடுச்சு. நூலகத்து மாடில வாசகர் கூட்டம்னு ஒண்ணு போட்டாங்க. புஸ்தகத்தைப் பத்தி ஆளாளுக்கு எழுந்து கருத்துச் சொல்லுவாங்களாம். நாற்காலி எல்லாம் நான்தான் தூக்கிப் போட்டேன். கடைசி வரிசைல உக்காந்தேன்.

முதல்ல எழுந்தவரு பேங்க்குல பெரிய வேலை பாத்து ஓய்வு வாங்கினவரு. அந்தக் கணவன் பாத்திரத்தைச் சீக்கிரமே முடிச்சதுதான் கதைக்கு வேகம் குடுத்துச்சுன்னாரு. பாத்திரமாம். அடுத்தது ஒரு காலேஜ் பொண்ணு. அந்த ஆளு செத்ததும் எனக்கே வீட்டு ஜன்னலைத் தொறந்து விட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுது. சின்னப் பொண்ணு, போகட்டும். அப்புறம் மருந்துக்கடை அம்மா எழுந்தாங்க. அவங்க கடைல குழாய் ஒழுகினப்ப ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம போனவன்மா நான். அவங்க சொல்றாங்க, 'கொலைகாரனைக் கண்டே பிடிச்சிருக்கக் கூடாது. நல்ல காரியம் செஞ்சவனை எதுக்கு ஜெயிலுக்கு அனுப்பணும்?'

ஒரே கைதட்டல். யாரு ரொம்ப நேரம் தட்டினதுன்னு திரும்பிப் பாக்கறேன். என் சகலை.

ஒரே ஒரு வாத்தியாரம்மா மட்டும் எழுந்து, புருஷன் செத்து நாப்பது பக்கத்துக்குள்ள அந்த விதவைக்குக் காதல் வர்றது சரியில்லைன்னாங்க. ஆகா, நமக்கும் ஒரு ஆள் இருக்குன்னு நிமிந்து உக்காந்தேன். 'அம்பது பக்கம் வரைக்குமாவது தள்ளியிருக்கலாம்'னு முடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. அப்ப எனக்குண்டான மரியாதை வெறும் பத்துப் பக்கம். இன்னொருத்தர் லிஃப்டுக்காரன்தான் கொலைகாரன்னு முதல்லயே கண்டுபிடிச்சுட்டேன்னு பீத்திக்கிட்டாரு.

என்னம்மா? நீங்க இன்னும் அதுவரைக்கும் போகலையா? அடடா. சரி விடுங்க. இனிமே படபடப்பு இல்லாம நிம்மதியாப் படிக்கலாம்.

ஒரு அம்மா பேசும்போது குரலே தழுதழுத்துப்போச்சு. புஸ்தகத்தைப் படிச்சுட்டு ராத்திரி பூரா அழுதாங்களாம். நானும் துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா அவங்க அழுதது பூனைக்காம். அந்த வீட்டுப் பூனை ரெண்டு நாள் சாப்பிடாம இருந்துச்சில்ல, அதுக்கு.

இதெல்லாம்கூடப் பொறுத்துப்பேன். கூட்டம் முடியற நேரம் அந்தக் காலேஜ் பொண்ணு, 'மேடம், அந்தப் புருஷன் உங்க வீட்டுக்காரர்தானா?'ன்னு கேட்டுடுச்சு. என் சம்சாரம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சிரிச்சா. 'அவரு பின்னாடிதான் இருக்காரு, நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்க'ன்னா. மொத்தக் கூட்டமும் திரும்பிச்சு. அந்த நேரம் பாத்து நான் உக்காந்திருக்கக் கூடாதா? பக்கத்து வரிசைல ஆளே இல்லாம ஒரு ஃபேன் வெட்டியாச் சுத்திட்டிருந்துச்சு. அதை அமத்தலாம்னு எழுந்து, சுவிட்சுல கைய வெச்சேன்.

சிரிச்சாங்க பாருங்க. நீங்களும் சிரிக்கறீங்க. டார்ச்சு ஆடுது.

அன்னிலேருந்து வீட்ல நான் வாயத் தொறக்கறதில்ல. ஒரு வார்த்தை கிடையாது. டீ வேணும்னா செவுத்தைப் பாத்து 'இந்த வீட்ல டீ குடிக்கற நேரம் ஆச்சு'ன்னு சொல்லுவேன், அவ்வளவுதான். நான் பேசலைன்னா அவ தவிச்சுப்போயிடுவான்னு நெனச்சேன். எங்க? காத்தாட நடக்கறா, மேசை முன்னாடி உக்காந்து ரெண்டாவது புஸ்தகம் எழுத ஆரம்பிச்சுட்டா. தண்டனை குடுத்தவன் நான். அனுபவிக்கறவனும் நானா இருக்கேன். வீட்ல பேச முடியாம சேத்து வெச்சதை எல்லாம் குழாய் ரிப்பேருக்குப் போற எடத்துல... ரொம்பப் பேசறேனோ? இல்லையே?

ஒண்ணு சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. அவ கதை எழுத ஆரம்பிச்சப்ப எங்கிட்டதான் வந்து கேட்டா, முதல்ல யாரைச் சாகடிக்கலாம்னு. நான் ஒரு பழைய குழாயைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். 'யாரையாவது கொல்லு, புருஷனையே கொல்லு, என்னை வேலை பாக்க விடு'ன்னேன். சொன்னேன்தான். சொன்னாச் செஞ்சுடறதா? டீல சக்கரையைக் கொறைன்னு இத்தனை வருஷமா நான் சொன்னது எதைக் கேட்டா, இதைக் கேக்கறதுக்கு?

ஊர் என்ன வேணா சொல்லட்டும்மா. சகலை கையத் தட்டித் தட்டிக் கொப்புளம் வந்து சாகட்டும். எனக்குள்ள அரிக்கறது வேற. எழுதினவ மனசுல என்ன இருக்கு? அவளுக்கும் ஜன்னலைத் தொறந்து விட்ட மாதிரி இருந்துச்சா? அதை நான் நேரா கேக்க முடியுமா? பேசறதில்லையே.

அதனால உங்களால ஒரு உதவி ஆகணும். புஸ்தகத்துக் கடைசிப் பக்கத்துல 'உங்கள் கருத்துகளைத் தெரிவிக்க'ன்னு போட்டு அவ நம்பரே இருக்கும். ஒரு ஃபோன் போட்டு, வாசகி பேசறேன்னு சொல்லுங்க. 'அந்தப் புருஷன் நல்ல மனுஷன்தானே, அவரை ஏன் கொன்னீங்க, படிச்சதும் மனசே ஆறல'ன்னு கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தண்ணியா? அது வந்துடும். நீங்க ஃபோன் பேசி முடிச்சதும் வந்துடும். இந்த வாஷரை மாட்டிட்டா தீந்துது. கைலதான் வெச்சிருக்கேன், பாருங்க.

ம். ஸ்பீக்கர்ல போடுங்க. ரிங் போகுது. நான் மூச்சு விடமாட்டேன்.

பாத்தீங்களா, 'சொல்லுங்க'ன்னு எவ்வளவு மரியாதையாப் பேசறா. எங்கிட்ட இப்படிப் பேசி... சரி சரி. என் குரல் கேட்டுடும், ஸ்பீக்கரை அமத்திட்டுக் காதுல வெச்சுக்குங்க. கேளுங்க. 'நல்ல மனுஷன்தானே'ங்கறதை அழுத்திச் சொல்லுங்க.

என்ன கேக்கறா? உங்க வீட்லயும் குழாய் ரிப்பேரான்னா? இல்லைன்னு சொல்லுங்க... ஆமான்னா சொன்னீங்க? ஏம்மா, பொய் சொல்லத் தெரியாதவங்க எல்லாம் எதுக்குக் கொலைக் கதை படிக்கறீங்க? என்னது, இந்த மாதிரி நெறையப் பேரு ஃபோன் பண்ணிட்டாங்களாமா? எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்களாமா? ஒவ்வொரு தடவையும் பின்னாடி தண்ணி சொட்டற சத்தம் கேக்குதாமா? வாளியை நகத்தியிருக்கணும். என் தப்பு.

எங்கிட்டக் குடுக்கச் சொல்றாளா? முடியாது. அவரு கோபமா இருக்காரு, பேசமாட்டாருன்னு சொல்லுங்க. என்னவோ சொல்றா, என்ன? ரெண்டாவது புஸ்தகம் பாதில நின்னுபோச்சா? ஏனாம்? அதுல வர்றவங்க ஒருத்தருக்கும் பேச்சே வரமாட்டேங்குதாமா... வீடு இப்படி அமைதியாக் கெடந்தா அவளுக்கு ஒரு வரிகூட ஓடலையாமா...

கொஞ்சம் இருங்கம்மா. கண்ணுல துரு விழுந்துடுச்சு.

அப்புறம் என்ன கேக்கறா? மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு பொணத்தை ஒளிச்சு வெச்சா கீழ வீட்ல எப்படித் தெரியும்னா? இதை எல்லாம் நீங்க சொல்லிப் புரியாது, ஃபோனை இப்படிக் குடுங்க. ஏய், கேளு. முதல்ல தெரியறது வாடை இல்ல, தண்ணி வர்ற வேகம். அடைச்சுக்கும். சொட்டுச் சொட்டாத்தான் வரும். அப்ப வீட்டுக்காரங்க யாரைக் கூப்பிடுவாங்க? குழாய்க்காரனை. அவன் மேல ஏறி மூடியைத் தொறந்து... என்னது? பொணத்தைப் போட்டவனே அந்தக் குழாய்க்காரன்தானா? அதனால மேல ஏறிப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு எறங்கி வந்துடுவானா? அடிப்பாவி.

அவன் எப்படி இருப்பான்? ...ம். ...ம். ஏணி விஷயமும் வருதா? அப்ப நான்தான். எப்ப மாட்டிப்பேன்? கடைசி அத்தியாயத்துலயா? அதுவரைக்கும் எல்லாப் பக்கத்துலயும் நான் இருக்கேனா? சரி, செத்துப்போறவன் யாரு?

அந்த உசரக்காரனா? கன்னத்துல குழி இருக்கே, அவனா? நெசமாவா?

இன்னும் அவனைக் கொல்லலையா? ஏன்? தொட்டிக்குள்ள எப்படித் தூக்கிப் போடறதுன்னு தெரியலையா? ஆறடி ஆளைச் சும்மா தூக்க முடியாதுடி, கப்பி வேணும், கயிறு வேணும். நீயா ஒண்ணும் எழுதி வெக்காத. பேனாவை மூடி வை. நான் வந்துடறேன்.

இந்தாங்கம்மா, உங்க ஃபோன். ஸ்பேனர் எங்க... அதை எடுங்க. குழாயா? தண்ணியா? அதை நாளைக்குக் காலைல வந்து மாட்டித் தர்றேன்மா, வாளி அங்கயே இருக்கட்டும், நெறஞ்சா ஊத்திக்கிட்டே இருங்க. கோச்சுக்காதீங்க. ஒரு கொலை பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்.