நாற்பது நிமிஷம்

ராத்திரி ஏழே கால். ஊரப்பாக்கம் ஏரிக்கரை ரோடு. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்குதான் எரியும்... வெற்றிவேல், சிரிப்பதென்றால் எழுந்து போய்விடு. இது நம் செல்போன் கடை காலேபின் அக்கா தபீதாளுக்கு நடந்தது.

அவளுக்கு எலி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எலியை மயக்கி, தொண்டையைக் கீறி, மூச்சுக்குழாயில் சின்ன டியூப் ஒன்றைச் சொருகி, நூலால் கட்டி, வெண்டிலேட்டரில் மாட்டுவாள். நிமிஷத்துக்கு எழுபது மூச்சு. டக்... ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்... எலி அசையாமலிருக்க இன்னொரு மருந்தும் ஏறும். அது உடம்பைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். வலி தெரியாமல் வைப்பது மயக்க மருந்து மட்டுமே.

அன்று சாயங்காலம் பார்த்தால், மயக்க மருந்துப் புட்டி காலி. கடைசியாக அவள் பார்த்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. எலி அசையவில்லை. கண்ணோரத்தில் மட்டும் சிவப்பாக வடிந்திருந்தது. ரத்தமில்லை. வேதனை வந்தால் எலிக்குக் கண்ணில் அப்படித்தான் வடியும்.

புதுப் புட்டி எடுத்து, அதிக டோஸ் கொடுத்து எலியின் வேதனையை ஒரேயடியாக முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்கூடத் தலைவர் சாம்பசிவனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"மூச்சு ஓடுச்சுல்ல? அசையலைல்ல? அப்புறம் என்னம்மா? மயக்கம் சரின்னு நோட்ல எழுதிட்டுக் கிளம்பு. அடுத்த மாசம் உன்னை பர்மனென்ட் பண்றதா, வேணாமா?"

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். பாவி, போட்டாளே!

ஏரிக்கரையில் பாதி தூரம் வந்திருப்பாள். முதலில் வாசனை... மயக்க மருந்தின் தித்திப்பு நெடி. அப்புறம் முதுகுக்குப் பின்னால்... டக்... ஸ்ஸ்... திரும்ப முயன்றாள், கழுத்து திரும்பவில்லை. கால் எழவில்லை. வாய் திறக்கவில்லை. தொண்டை கீறிவிட்டது போல் எரிந்தது, அதன்மேல் நூல் இறுகியது. டக் என்றால் நெஞ்சு ஏறியது, ஸ்ஸ் என்றால் இறங்கியது. அவள் மூச்சை வேறு எதுவோ விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கார் வந்து நின்றது. சாம்பசிவன்தான்.

"ஸ்டேஷன்ல இறக்கிவிடவா?"

உற்றுப் பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்குவது கார் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. "கோபமாக்கும்" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

காலேப் பைக்கில் தேடி வந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. "யக்கா! இன்னாக்கா, நடுரோட்ல நின்னுகினு கீறே?" என்று தோளைத் தொட்டான். அப்படியே சரிந்தாள்.

மறுநாள் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதினாள். அன்றோடு வேலை போயிற்று. சாம்பசிவனுக்கா? ஒன்றும் ஆகவில்லை. கட்டுரை வந்தது, பிரமோஷன் வந்தது. பேய்கூட ஆள் பார்த்துத்தான் பிடிக்கிறது. நினைத்தாலே வயிறெரிகிறது.

தபீதாள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, சொட்டு ரத்தம் வரவில்லை என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் அன்று காலேப் அவள் முகத்தைத் துடைத்த வெள்ளை கர்சீப் இன்னும் கடை டிராயரில் இருக்கிறது. நான் பார்த்தேன். கண்ணோரம் துடைத்த இரண்டு இடத்தில் மட்டும்... சிவப்பு.