மறுபடியும் கழண்ட குழாய்

— இந்தக் குழாய் தானாவா கழண்டுச்சு, அக்கா?

— பின்ன? அறுபத்தோரு வயசுல குழாயக் கழட்டுறதுதான் எனக்கு வேலையா?

— அதாவது, போன வாரம் இத நான் நல்லா இறுக்கிட்டுத்தான் போனேன். அதுக்கு முந்தின வாரமும்.

— உங்க இறுக்கல் லட்சணம் அப்படி. அந்த வாளிய இந்தப் பக்கம் தள்ளுங்க தம்பி, தண்ணி ஹாலுக்குப் போகுது.

— அஞ்சு வாரமா வர்றேன். ஒரு வாரம் குழாய், ஒரு வாரம் மூடி சரியில்ல, ஒரு வாரம் உள்ள கரண்டி.

— கரண்டி கைதவறி விழுந்துச்சு.

— துவைக்கிற மிஷினுக்குள்ளயா?

— என் வீட்டுக் கரண்டி. எங்க வேணும்னாலும் விழும்.

— அந்த இன்டர்நெட் ஃபோரத்துல நாம பேசுனது ஞாபகம் இருக்கில்ல?

— மறக்குமா? சாகுறதுக்குத் துணை தேடிக்கிட்டு நானும் போனேன், நீங்களும் வந்தீங்க. அங்க இருந்தவங்க எல்லாம் என்னைக்கு, என்னைக்குன்னு அவசரப்படுத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான், ‘மிஷின் என்ன மாடல்?’னு கேட்டீங்க.

— நீங்க எழுதுனது அப்படிக்கா.

— உள்ளதத்தானே எழுதுனேன்? ஒன்பது வருஷம் படுக்கையில கிடந்த என் வீட்டுக்காரர் துணியத் துவைச்ச மிஷின். அவரும் போயிட்டாரு, இப்போ இதுவும் நின்னுடுச்சு, இனி எனக்கு இங்க என்ன வேலைன்னு.

— அதான் நான் உடனே...

— ‘பதினஞ்சு வருஷமா இதே தொழில். காலையில வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க’ன்னு என்னமோ பெரிய அதிகாரி மாதிரி! சாகப்போறவகிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்குன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

— மிஷின் ஒழுங்கா ஓடுற வரைக்கும் ரெண்டு பேருமே ஒண்ணும் செஞ்சுக்கக் கூடாதுன்னும் பேசிக்கிட்டோம்.

— அதனாலதான் அத ஓட விடல. போதுமா? குழாயக் கழட்டுனது நான். கரண்டியப் போட்டதும் நான்.

— தெரியும்.

— தெரியுமா! எப்போலேர்ந்து?

— ரெண்டாவது வாரத்துலேர்ந்தே.

— அப்புறம் எதுக்கு வந்தீங்க?

— வியாழக்கிழமைன்னா போறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு. அதான்.

— ம்... உங்க பொண்ணு பேசுனாளா?

— ஞாயித்துக்கிழமை பேசுனா. எட்டு மாசம் கழிச்சு. அவ அம்மாவே போன் போட்டுக் குடுத்தா. ஏழு நிமிஷம். பாதி நேரம் அவ வளர்க்கிற ஆமையப் பத்தித்தான்.

— ஆமைக்கு என்ன?

— சாப்பிட மாட்டேங்குதாம்...

— அழாதீங்க தம்பி. ஏற்கனவே தரையெல்லாம் தண்ணி.

— சரி, சரி. நீங்க அந்த டாக்டர்கிட்ட மறுபடி போனீங்களா?

— போனேன். சின்னப் பொண்ணு, நான் திட்டத் திட்ட எழுதிக்கிட்டே இருக்கு. குடுத்த மாத்திரையில தூக்கமும் வருது. அந்த ஃபோரத்துலேர்ந்து பேரையும் எடுத்துட்டேன்.

— நானும் எடுத்துட்டேன்க்கா.

— அப்போ இன்னைக்கே இத ஓட விடுங்க.

— ஓடிடுச்சுன்னா... வியாழக்கிழமை?

— அதுக்கும் வழி பண்ணியாச்சு. மேல் வீட்டு மிஷின் நாலு மாசமா சுத்தல. எதிர்வீட்டுல தண்ணி இறங்கல. தெருமுனையில இருக்கிற லாண்டரில மூணு பெரிய மிஷின் படுத்துக் கிடக்கு. எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், கைராசிக்காரர், என் தம்பி மாதிரின்னு.

— ஐயோ! யாரக் கேட்டு சொன்னீங்க?

— யாரக் கேக்கணும்? லாண்டரிக்காரரு உங்கள அழைச்சுட்டுப் போக வந்துகிட்டே இருக்காரு. ஏன், மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— அக்கா, போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. ப்ளீஸ்.

— தொழில் தெரிஞ்ச மனுஷனுக்கு என்ன பயம்?

— அதாவது... நான் மெக்கானிக்கே இல்லக்கா. ஸ்கூல்ல வரலாறு எடுக்கிறவன். அன்னைக்கு நீங்க எழுதுனதப் படிச்சுட்டு, இங்க வர்ற வழியிலதான் ஸ்பேனரே வாங்குனேன்.