நார் முடிச்சு

கிட்ட வந்து உக்காருங்க... கிஷன், அந்தக் கதவ சாத்து.

விடியக்காலம் அஞ்சரை மணி. தண்ணீர்மலை ரோடு. மழை விட்டு, மரம் மட்டும் சொட்டிக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் போகுது. ஓட்டுறது நம்ம பக்கத்து வீட்டுத் துளசியோட மாமா, குணாளன். அம்மா செத்து, காரியம் முடிஞ்சு, அன்னைக்குத்தான் வேலைக்குக் கெளம்புனாரு. மாக் மண்டின்ங்கிற எடத்துல, தேங்கா நாருல கயிறு, மிதியடி செய்யுற பட்டறையில வேலை.

அம்மா லெட்சுமிக்குக் கடைசியில புத்தி தடுமாறிப் போச்சு. கதவு தொறந்திருந்தா ரோட்டுக்கு நடந்துடும். பாத்துக்க ஆளு இல்ல. மனுசன் என்ன பண்ணுவாரு... பட்டறையிலேர்ந்து நார்க் கயிறு கொண்டாந்து, கணுக்கால கட்டிலோட கட்டிட்டு வேலைக்குப் போவாரு. நைலான் வழுக்கும் லா. நார் புடிச்சா விடாது. யாருகிட்டயும் மூச்சு விடல.

ஒருநாள் ஓவர்டைம். வந்து பாத்தா அம்மா தரையில... கை வாசப் பக்கம் நீட்டிக் கெடக்கு. தண்ணிச் செம்பு கவுந்திருக்கு. நார் நனைஞ்சா முடிச்சு இறுகும், அவருக்கா தெரியாது? கத்திய வச்சுத்தான் அறுத்தாரு. தூக்கத்துல போயிடுச்சுன்னு ஊருக்குச் சொல்லிட்டாரு.

செத்தவங்க கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவோம்ல? எரிக்கிறதுக்கு முன்ன புள்ள அத அவுத்து விடணும். சேலைய வெலக்குனா கணுக்கால் காயம் தெரிஞ்சுடுமே. பெரியவரு ஒருத்தரு கேட்டதுக்கு, "அவுத்தாச்சுண்ணே"ன்னு பொய் சொல்லிட்டாரு. கட்டோடயே போச்சு அந்த அம்மா.

அந்த ரோட்டுலதான் மோட்டார் தானா நின்னுச்சு. ஊறுன தேங்கா மட்ட வாடை அடிக்குது. பின்னால சர்ர்... ஈரத் தாருல எதையோ இழுக்குற சத்தம். நிக்குது. மறுபடியும் சர்ர்...

திரும்பக் கூடாதுன்னுதான் நெனச்சாரு. ஆனா பெத்தவளாச்சே. அழுதுக்கிட்டே திரும்பிட்டாரு.

ரெண்டு பாதமும் ஒட்டுனபடி, கொஞ்சங் கொஞ்சமா நகந்து வருது. மொகத்துல கோவமே இல்ல. அதத்தான் அவரால தாங்க முடியல. கிட்ட வந்து, ரோட்டுலயே உக்காந்து, கால அவரு பக்கம் மெதுவா நீட்டுச்சு.

"வேலைக்கு நேரமாச்சாய்யா... கட்டிட்டுப் போ."