விளக்க வராத பாடமும் என் வலைப்பூவும்

கையில் மணியை வைத்துக்கொண்டு என் நேரத்தைக் கண்காணிக்கும் அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியை அவர்களே! சாக்பீஸ் தூளிலேயே தலை நரைத்த மூத்த ஆசிரியப் பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்த அன்புத் தாய்மார்களே! கடைசி வரிசையைக் கைவிடாத இளம் ஆசிரியர்களே! இந்தக் கணக்கு டீச்சரின் கனிவான வணக்கம்.

வகுப்பாசிரியர் வலைப்பூ தொடங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தொடங்குவது எளிது, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். எதை எழுதுவது? அங்கேதான் வழுக்கினேன். தேதி போட்டேன், கற்றல் நோக்கம் எழுதினேன், இறுதியில் பயிற்சி வினாக்களும் கொடுத்தேன். படித்தவள் என் தங்கை ஒருத்திதான். "அக்கா, முடிச்சதும் வீட்டுப்பாடம் கேப்பியோன்னு பயந்துக்கிட்டே படிச்சேன்" என்றாள். சிரிக்கிறீர்களே, நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள்.

ஒரு நாள் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் பாடம். தலைகீழாக்கிப் பெருக்கு என்றேன். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு என்றேன். முன்வரிசைப் பெண் எழுந்தாள். "வகுத்தா குறையணுமே டீச்சர், எப்படிக் கூடுச்சு?" காகிதத்தை மடித்தேன், வெட்டினேன், கிழித்தேன். வகுப்பறை குப்பையானதே தவிர அவள் முகம் தெளியவில்லை. அன்று அதை அப்படியே எழுதினேன்: "இன்று என்னால் விளக்க முடியவில்லை."

மறுநாளே அழைப்பு வந்தது. "விளக்கத் தெரியலைன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா டீச்சர்? பெத்தவங்க என்ன நினைப்பாங்க? சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க." சொன்னது யார் என்கிறீர்களா? மேடையில்தான் இருக்கிறார், சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அழிக்கத்தான் போனேன். அடியில் ஒரு பின்னூட்டம். முகம் தெரியாத ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்கும் இதே பாடம், இதே கேள்வி. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நமக்கு இது சரிப்படாதுன்னு ராஜினாமா பண்ண இருந்தேன். உங்களுக்குமா வரலை? அப்ப திங்கக்கிழமை வகுப்புக்குப் போறேன்."

பெரியோர்களே, அழித்தால் எது அழியும்? என் எழுத்தா? என் அவமானமா? அந்த ஆசிரியையின் திங்கட்கிழமை அல்லவா அழியும்! எனக்குக் கை வரவில்லை.

கைபேசியோடு தலைமையாசிரியை முன் நின்றேன். படித்தார். மீண்டும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும், எடுக்க வேண்டாம்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கும் தலைகீழாக்கத்தான் தெரியும் டீச்சர். ஏன்னு யாரும் கேட்டதில்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து இன்னொருவர் எழுதினார்: "அரை லிட்டர் தண்ணியைக் கால் லிட்டர் டம்ளர்ல ஊத்தி, எத்தனை நிறையுதுன்னு அந்தப் பொண்ணையே பார்க்கச் சொல்லுங்க." ஊற்றினோம். "ரெண்டு டம்ளர். இவ்வளவுதானா டீச்சர்?" என்றாள் அவள். இவ்வளவுதான்.

'நேரம் எங்கேம்மா' என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பும் நேரம் போதும் சார். பிள்ளைகளின் பெயரை விட்டுவிடுங்கள், படத்தைத் தவிருங்கள். உங்கள் தடுமாற்றத்தை மட்டும் தயங்காமல் எழுதுங்கள்.

தலைவரின் கை மணியை நோக்கி நீள்கிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன். அவரும் நேற்று வலைப்பூ தொடங்கிவிட்டார். முதல் பதிவின் தலைப்பு, 'எனக்கு விளக்க வராத பாடங்கள்'. வாசகர்கள் இதுவரை இருவர். ஒருத்தி நான். மற்றவர், அந்தத் திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், இன்றுவரை போய்க்கொண்டிருக்கும் ஆசிரியை. மூன்றாவதாக நீங்கள் வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.