சைக்கிளுக்கு ஒரு ஹெல்மெட்

பைக், ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்த வாரம் அது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹெல்மெட் விற்ற பாயைச் சுற்றி, தலையைவிட அபராதத்துக்குப் பயந்த கூட்டம். எனக்கு முன்னால் ஷூ கம்பெனி சட்டை போட்ட ஒருவர் நின்றார்.

“பாய், சின்ன சைசு ஒண்ணு குடு. பையன் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறான்.”

கூட்டம் சிரித்தது.

“சைக்கிளுக்கெல்லாம் சட்டம் இல்லண்ணே. போலீஸ் புடிக்கமாட்டான்.”

“தெரியும் பாய்.”

“சரி, தல எவ்ளோ பெருசு இருக்கும்?”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, எதையோ ஏந்துவதுபோல் நீட்டினார்.

“எங்க பெரியவன் செத்ததும் சைக்கிள்லதான் பாய். ஆட்டோல ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலைய இப்டித்தான் புடிச்சினு போனேன். சின்னவனுக்கு இதவிடக் கொஞ்சம் கம்மியா இருக்கும்.”