தடுக்கப்பட்டவை: பத்தொன்பது

உங்கள் பொலிஸ் நிலையத்துத் தேநீர் மோசமில்லை, ஐயா. தூள்தான் கழிவு. நல்லதையெல்லாம் நாங்கள் கப்பலேற்றிவிடுகிறோம்; மன்னிக்க வேண்டும்.

நான் ஜீவராஜ். ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியின் கணினி வலையமைப்புக்குப் பொறுப்பாளன். எங்கள் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே இடைவலயம் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருவது எதுவும் அங்கேதான் நிற்க வேண்டும். நான் விட்டால்தான் தாண்டலாம். பதினோரு வருடமாக ஒரு வைரஸ்கூட என்னைத் தாண்டியதில்லை.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் சர்மிளா, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு மழைமானி பொருத்தினார். மழை அளவு மீறினால் அது இடைவலயத்துக்கு எச்சரிக்கை அனுப்பும். அங்கிருந்து லயத்து ஆட்களின் கைபேசிகளுக்குப் போகும். கூட்டத்தில் மேனேஜர் அவரைப் பாராட்டினார். "ஜீவராஜ், இது ஏன் ஒங்களுக்குத் தோணல?" என்று என்னையும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அடுத்த வாரம் பாதுகாப்பு ஆய்வு வந்தது. இடைவலயத்தில் தேவையற்ற வாசல்களை மூடச் சொன்னார்கள். எது தேவையற்றது என்று தீர்மானிப்பவன் நான். மழைமானியின் எச்சரிக்கை உள்ளே வரும் வாசலை மூடினேன். சர்மிளாவிடம் சொல்லவில்லை, பாதுகாப்பு விஷயங்களை வெளியே பேசக்கூடாது என்பது விதி.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பத்தரைக்கு அவர் போன் செய்தார்.

"சார், லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்க. ஒரு மெசேஜும் வரல. சிஸ்டம் சொன்னாத்தான் ஆளுங்கள வெளியேத்தலாம்னு மேனேஜர் சொல்றாருங்க."

"சிஸ்டம் ஒண்ணும் சொல்லலையேம்மா. பயப்படாதீங்க."

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது பொய்யில்லை, ஐயா. திரை என் கண் முன்னால்தான் இருந்தது. 'தடுக்கப்பட்டவை: பத்தொன்பது.' பத்தொன்பதும் மழைமானி அனுப்பியவை. என் ஃபயர்வால் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

பன்னிரண்டு மணிக்கு மலை சரிந்தது. அந்த மலை எங்கள் வலையமைப்பில் இணைக்கப்படவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது. பதினான்கு பேர். அதில் சர்மிளாவும் ஒருவர். யாரும் உத்தரவு கொடுக்காமலே கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தாராம். அனுமதி பெறாத வேலை.

வாசலைத் திறக்க ஒரு சொடுக்கு போதும் என்று உங்கள் நிபுணர் சொன்னது சரிதான். ஒன்றரை மணி நேரம் என் விரல் அதன் மேல்தான் இருந்தது. தெரிந்தேதான் திறக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

திறந்திருந்தால், அந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.