வைகாசியில இறங்கின பிரஷர்

ஓம், இளையதம்பிர பொஞ்சாதிதான் நான். புஸ்பம். சாப்பாட்டு விபரத்த உங்களிட்டப் பதிஞ்சிட்டுத் திரும்பி வரட்டாம் எண்டு டொக்டர் சொன்னாரு, கேளுங்க மகள், எழுதுங்க. இண்டைக்குக் காலம என்ன குடுத்தனெண்டா? இலை குடுத்தன். நேத்துப் பகலைக்கு இலையும் பூசணிக்காயும். முந்தநாள் இலையும் பயித்தங்காயும். அதுக்கு முதல் நாள் இலையும் பருப்பும். இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு நீட்டு போம், நிரப்புறத்துக்கு? இலை எண்டு மேல ஒருக்கா எழுதிட்டுக் கீழ வரைக்கும் கோடு இழுத்து விடுங்க, முடிஞ்சுது வேல.

கோவமா? எனக்கென்ன கோவம். நாலு மாசத்துக்கு முதல், மாசியில, இந்தக் கிளினிக்ல வெச்சுத்தான் அந்தக் கடதாசியத் தந்தாங்க. நீங்க இல்ல, உங்களுக்கு முதல் இருந்த மிஸ்ஸி. பிரஷரால கிட்னி பழுதாகத் தொடங்கிட்டு, இனி மீன் வேணாம், இறைச்சி வேணாம், கருவாட்டக் கண்ணாலயும் காட்ட வேணாம், உப்பக் குறைங்க, கீரையும் மரக்கறியும் பருப்புமாச் சாப்பிட்டா பிரஷர் இறங்கும், கிட்னி தப்பும் எண்டு அழகாப் படம் போட்டு அடிச்ச கடதாசி. இறங்கிச்சா? இண்டைக்கு டொக்டர் என்ன சொன்னாரு? இன்னும் கூடிட்டாம். இப்பிடியே போனா ரத்தம் கழுவுற மிசினில போடணுமாம். நாலு மாசம் மாடு மாதிரி இலை திண்ட மனிசனுக்கு மிசின். அதான் சொல்றன், உங்கட கடதாசியக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வைங்க.

அந்தா, ஜன்னலோரம் நீலச் சேட்டு, அவருதான். பக்கத்தில இருக்கிற ஆளுக்குக் கையக் காட்டிக் காட்டி என்னமோ சொல்றாரு பாருங்க. வேறென்ன, பொன்னாங்காணிதான். வேதத்துக்கு மாறினவங்க கூட இப்பிடிப் பிரசங்கம் பண்ண மாட்டாங்க. பஸ்ஸில வரக்குள்ளயும் இதே கதைதான். கொண்டக்டர் ரிக்கட்டுக் கிழிக்க வந்தா அவனுக்கும் வல்லாரைர மகிமை. எனக்குத் தலையக் கொண்டுபோய் எங்க வைக்கிறதெண்டு தெரியல்ல.

ஆர் இந்த மனிசன் தெரியுமா? பெரியகல்லாத்தில முப்பத்தஞ்சு வருஷமாத் தோணி தள்ளுற ஆள். ஆத்துக்குள்ள எந்த இடத்தில எந்த மீன் படுக்குமெண்டு கண்ண மூடிக்கொண்டு சொல்லுவாரு. மீன் இல்லாட்டிச் சோத்துக் கோப்பையத் தள்ளிட்டு எழும்பிப் போவாரு. கல்யாணம் முடிச்சு மூணாம் நாள் நான் கத்தரிக்காப் பால்கறி ஆக்கினத்துக்கு, இதென்ன ஆஸ்பத்திரி வருத்தக்காரன்ட சாப்பாடு எண்டு கேட்டவரு. அப்பிடிப்பட்ட ஆள் கடதாசியக் கொண்டுவந்து பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில ஒட்டிட்டு, விளக்குக் கொளுத்தாத குறைதான். நான் வெச்சிருந்த கருவாடெல்லாத்தையும் பக்கத்து வீட்டுப் பூனைக்கு அள்ளிப் போட்டாரு. அந்தப் பூனை இண்டைக்கும் எங்கட படலையடியில வந்து படுத்திருக்கு, தன்ட சீதனத்தக் கேட்டு.

அதோட விட்டாரா? உப்புப் பேணியத் தூக்கித் தன்ட அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. விடியக்குள்ள ஒரு தேக்கரண்டியால அளந்து, தட்டி, கடதாசித் துண்டில வெச்சுத் தருவாரு. இந்தா புஸ்பம், இண்டைக்கு இவ்வளவுதான் எண்டு. முப்பத்தாறு வருஷம் அந்தாளுக்குச் சமைச்ச கை இது. எனக்கு உப்பு அளந்து தாறாராம்! நீங்களே சொல்லுங்க, கோவம் வருமா வராதா?

எப்பிடித் திண்டாரா? கடதாசியில எழுதியிருந்ததாம், பத்து நாள் பொறுத்தா நாக்குப் பழகுமெண்டு. முதல் ஒம்பது நாளும் அவர் திண்ட சீரப் பாத்திருக்கணும் நீங்க. ஒரு வாய் வைப்பாரு, முகட்டப் பாப்பாரு. தண்ணியக் குடிப்பாரு. மறுகா ஒரு வாய். அவ்வளவுதான். பத்தாம் நாள் ரெண்டு தரம் போட்டுத் திண்டாரு. பாத்தியா புஸ்பம், கடதாசி பொய் சொல்லல்ல, நாக்குப் பழகிட்டு எண்டாரு. எனக்கு வந்த சிரிப்ப நான் அடக்கின பாடு அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

அதுக்குப் பொறகு ஆளப் பிடிக்க ஏலுமா? காத்தான்குடி மர்சூக், காக்கா எண்டுதான் நாங்க கூப்பிடுற, அப்பிடி ஒராள், எங்கட தோணியில இறால் எடுக்க வாறவரு. அவரையும் ஒரு நாள் பிடிச்சு இருத்தி முருங்கையிலைச் சுண்டலும் சோறும் போட வெச்சாரு. காக்கா விரலச் சூப்பிக்கொண்டு போனாரு. இளையதம்பி, இலையில இவ்வளவு ருசி இருக்கெண்டு இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல எண்டு கேட்டுக்கொண்டு. மறுகா நடந்ததக் கேளுங்க. அவர்ர வீட்டுக்காரி இர்ஷானா எனக்கு மூணு தரம் போன் எடுத்திட்டா. என்ன மச்சி போட்ட நீ, நானும் அதே முருங்கையிலையத்தான் சுண்டினன், இந்த மனிசன் வாயில வைக்கிறாரில்ல எண்டு. கைப்பக்குவம் எண்டு சொல்லிட்டு வெச்சிட்டன்.

உப்பா? நான் கூடுதலாப் போடல்ல மகள். அதான் சொன்னனே, உப்புப் பேணி அவர்ர அலுமாரிக்குள்ள. திறப்பு அவர்ர அரைஞாண்ல. வேணுமெண்டா கூப்பிட்டுக் கேளுங்க. வேணாம், வேணாம், கூப்பிட வேணாம். அங்கயே இருக்கட்டும்.

என்ன அந்தத் தாளத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்க? வாசிங்க, கேக்கிறன். பங்குனியில நூத்தி எழுபத்திரெண்டு. சரி. சித்திரையில நூத்தி எழுபது. இண்டைக்கு நூத்தி எழுபத்தெட்டு. பாத்தீங்களா, இலையால ஒண்டும் இறங்கல்ல. நான் சொன்னா ஆரு கேக்கிற.

வைகாசியில என்ன?

நூத்தி முப்பத்தெட்டா. ஓம், அண்டைக்கு அந்த மிஸ்ஸி கூடக் கை தட்டினவ. இவரும் வீட்ட போற வழியெல்லாம் சிரிச்சுக்கொண்டு வந்தாரு. அந்த ஒரு மாசம் மட்டும் ஏன் இறங்கினதெண்டு எனக்கெப்பிடித் தெரியும் மகள்? நானென்ன டொக்டரா? அது அம்மன்ட அருள். எங்கட அம்மன் கோயில் சடங்கு நடந்த நேரம். கதவு திறந்து ஏழு நாள். கடைசி நாள் அம்மனக் குளிர வைக்கிற குளிர்த்தி, அது முடிஞ்ச அடுத்த நாள்தான் கிளினிக். வெய்யில்ல வந்தவங்களுக்கு இளநீர் தாற மாதிரி அம்மன் அவருக்கு நெஞ்சக் குளிர வெச்சிட்டா. அப்பிடி எழுதுங்க.

அருளெண்டு எழுத ஏலாதா? ஏன் ஏலாது. சரி, உங்கட இஷ்டம்.

சாப்பாட்டில வித்தியாசமா? என்ன வித்தியாசம். சடங்கு நாளில ஊரிலயே ஒருத்தரும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஆக்க மாட்டாங்க. மீன்வாடையே இருக்காது. எங்கட வீட்டிலயும் மரக்கறிதான்.

ம்... ஓம். அவர் எந்த நாளும் மரக்கறிதானே. நீங்க கேக்கிறது விளங்குது. எந்த நாளும் மரக்கறி திண்டவருக்குச் சடங்குக்கு மட்டும் என்ன புதுசு எண்டு. நல்லாப் படிச்சிருக்கீங்க மகள். நல்லா இருங்க.

புதுசு ஒண்டும் இல்ல. சட்டிதான் வேற.

சட்டிதான். எங்கட பக்கம் எல்லார் வீட்டிலயும் ரெண்டு சட்டி இருக்கும். ஒண்டு மீன் சட்டி. மற்றது வெள்ளிக்கிழமைக்கும் விரதத்துக்கும் சடங்குக்கும் எடுக்கிற மரக்கறிச் சட்டி. அதுக்குள்ள மீன்வாடை பட்டா அம்மனுக்கு ஆகாது. வேற அகப்பை, வேற மூடி, வைக்கிற தட்டும் வேற. இவர் கடதாசியோட வந்த அண்டைக்கே சொன்னவரு, இனி எனக்கு மரக்கறிச் சட்டியிலயே ஆக்கு எண்டு. நான் ஏலா எண்டுட்டன். அது அம்மன்ட சட்டி, உங்கட வருத்தத்துக்கு எடுக்கிற சட்டியில்ல எண்டு சத்தம் போட்டன். நல்லாத்தான் போட்டன். மனிசன் வலையத் தூக்கிக்கொண்டு ஆத்துக்குப் போயிட்டாரு. மீன் சட்டியிலதான் இலை சுண்டினன். வெள்ளிக்கிழமையும் சடங்கு ஏழு நாளும் மட்டும் அம்மன்ட சட்டி.

சட்டியால பிரஷர் ஏறாதுதான். எனக்குத் தெரியாதா?

நீங்க முந்தநாள் அந்தாளப் பாத்திருக்கணும். கிட்னி இன்னும் பழுதாகிட்டு எண்ட ரத்த ரிப்போட்ட கையில வெச்சுக்கொண்டு அடுப்படிக் கட்டில வந்து குந்தினாரு. சித்திரை வருஷப் பிறப்புக்குத் தங்கச்சி வீட்ட போய் ரெண்டு முறுக்குத் திண்டனே புஸ்பம், அதுதானோ எண்டு கேட்டாரு. கலியாண வீட்டில ஒரு வடை கடிச்சனே, அதுவாயிருக்குமோ எண்டாரு. பைத்தியக்கார மனிசன். ஒரு வடையால ஒராளுக்குக் கிட்னி போகுமா? நான் என்ன பிழை விட்டன், எல்லாம் சொன்ன மாதிரித்தானே செஞ்சன் எண்டு கேட்டு அழுதாரு. அம்பத்தொம்பது வயசு ஆள், சின்னப் புள்ள மாதிரி. நேத்திலேந்து சோத்தயும் பாதியாக்கிட்டாரு. நான் சட்டியக் கழுவிக்கொண்டிருந்தன். கழுவின சட்டியையே திருப்பித் திருப்பிக் கழுவினன்.

நீங்க எந்த ஊர் மகள்? ஹட்டன் பக்கமா? அப்ப உங்களுக்குக் கூனி தெரியாது. எங்கட ஆத்தில அள்ளுற பொடி இறால். நகத்தளவும் இல்ல. உப்புத் தண்ணியில அவிச்சுப் பாயில காயப் போட்டா, வருஷம் போனாலும் பழுதாகாது, அவ்வளவு உப்பு ஊறியிருக்கும். வறுத்து இடிச்சு வெச்சா எந்தக் கறிக்கும் ஒரு பிடி போடலாம். அத எங்கட ஆக்கள் மச்சமெண்டே கணக்கெடுக்க மாட்டாங்க. கீரையெண்டா கூனி போட்டுத்தான் சுண்டுற. தேங்காப்பூப் போடுறல்லையா, அது மாதிரி. என்ட கை தன்பாட்டில போகும்.

இல்ல. பொய் சொல்லக் கூடாது. தன்பாட்டில போகல்ல. முதல் ஒம்பது நாளும் நான் போடல்ல. கடதாசியில இருந்த மாதிரியே அவிச்சுத்தான் குடுத்தன். ஒம்பதாம் நாள் பின்னேரம் தோணியத் தள்ளக்குள்ள அந்தாள் அப்பிடியே தண்ணிக்குள்ள குந்திட்டாரு. ஏலாது புஸ்பம் எண்டாரு. பசி மகள், வேறொண்டுமில்ல, பசி. அடுத்த நாள் கூனிய வறுத்து மா மாதிரி இடிச்சு, கண்ணுக்குத் தெரியாம முருங்கையிலைக்குள்ள போட்டன். ரெண்டு தரம் போட்டுத் திண்டாரு. நாக்குப் பழகிட்டு எண்டாரு.

முதல்ல ஒரு நுள்ளுத்தான். மறுகா அவர் ஊர் முழுக்கப் போய் இலைர ருசியச் சொல்லச் சொல்ல, நானும் கூட்டிக் கூட்டிப் போட்டன். அந்த உப்பு அளந்த கைக்கு ஒரு பாடம் படிப்பிக்கிறன் எண்டும் போட்டன். எவ்வளவா? ஒரு சுண்டலுக்கு ரெண்டு கை. மூணு நேரமும். பழைய மா பேணி ஒண்டுக்குள்ள வெச்சு, மிளகாத்தூளுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கன். பிரஷர் கூடக் கூட, பாத்தீங்களா கடதாசி பிழை எண்டு நானே அவரப் பேசினன். பேசினா என்ட நெஞ்சுக்குள்ள இருக்கிறது கொஞ்சம் அடங்கும்.

ஓம் மகள். வெள்ளிக்கிழமையில போடுறல்ல. சடங்கு ஏழு நாளும் போடல்ல. ருசி குறைஞ்சாலும் விரதச் சாப்பாடுதானே எண்டு அவரும் திண்டிடுவாரு. அம்மன்ட சட்டிக்குள்ள கூனி போட எனக்குப் பயம். அம்மனுக்குப் பயந்த நான் அந்தாள்ர உயிருக்குப் பயப்படல்ல, பாருங்க.

அவருக்கு நான் சொல்லிக்கிறன். நீங்க சொல்ல வேணாம். வீட்ட போய் அந்தப் பேணிய அவர்ர கையிலயே குடுக்கிறன், ஆத்தில கொட்டட்டும். என்னப் பேசட்டும். அடிச்சாலும் அடிக்கட்டும், அடிக்க மாட்டாரு. இனி அம்மன்ட சட்டியிலதான் அவருக்கு ஆக்குவன். அதுவும் சொல்லுறன்.

அந்தா, டொக்டர்ர கதவு திறக்குது. அவருக்கு மிசின் எழுத முதல் நீங்க இதக் கெதியா எழுதுங்க. கூனிய மறுகா எழுதலாம். இந்த மனிசன் ஒரு பிழையும் விடல்ல எண்டு முதல்ல எழுதுங்க. மேலயே எழுதுங்க.

மெல்லக் கதைங்க, இஞ்சால பாக்கிறாரு. சிரிக்கிறாரு பாருங்க.